சேலத்தில் முதல் பொங்கல்: காப்புக் கட்டு முதல் கரிநாள் வரை

வேலை மாற்றலாகியோ கல்யாணமாகியோ சேலத்துக்கு வந்திருக்கிறீர்கள், வருகிற தை முதல் தேதிதான் நீங்களாகவே பொங்கல் வைக்கப் போகிற முதல் தடவை என்றால், இது உங்களுக்காக எழுதியது. நான் சென்னையிலிருந்து வந்து அம்மாப்பேட்டையில் வாடகை வீட்டில் குடியேறிப் பதினோரு வருடம் ஆகிறது. பொங்கலில் புதிதாகத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்ற தைரியத்தில் முதல் வருடம் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பலன், பானை விரிந்து பால் முழுவதும் அடுப்பில் போனது. தெருவிலேயே காப்புக் கட்டாத ஒரே வீடு எங்களுடையதுதான் என்பதும் அன்று காலையில்தான் கண்ணில் பட்டது.

முதலில் இரண்டு சொற்கள். இங்கே பண்டிகைக்கு 'நோம்பி' என்பார்கள். "நோம்பிக்கு ஊருக்குப் போறீங்களா?" என்று கேட்டால் விரதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அதேபோல "எங்க காட்டுக்கு வாங்க" என்று கூப்பிட்டால் புலி நடமாடும் காட்டுக்கு இல்லை, அவர்கள் விவசாய நிலத்துக்கு. மாட்டுப் பொங்கலன்று இந்தக் கூப்பிடு வரும். வந்தால் விடாதீர்கள்.

காப்பு

சென்னையில் போகி என்றால் விடியற்காலைப் புகையும் பிள்ளைகள் தட்டும் சின்ன மேளமும்தான். சேலம், நாமக்கல், ஈரோடு பக்கமெல்லாம் அன்றைக்கு முக்கியமான வேலை காப்புக் கட்டுவது. மார்கழி கடைசி நாள் வீடு வாசல் கழுவி முடித்து, பொழுது சாயும் நேரத்தில் கட்டுவார்கள். பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை இந்த மூன்றும் கட்டாயம். மாவிலை சேர்ப்பவர்கள் உண்டு, சில வீடுகளில் பிரண்டையும் தும்பையும் சேரும். எல்லாவற்றையும் ஒரு கைப்பிடிக் கொத்தாகச் சேர்த்து நாரால் கட்டி வாசல் நிலைக்கு மேலோ கூரை முன்னே நீண்டிருக்கும் இறவாணத்திலோ செருகிவிட வேண்டும்.

பூளைப்பூவைப் பார்த்திருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. சிறுபீளை என்று சித்த வைத்தியத்தில் நீரடைப்புக்கும் கல்லடைப்புக்கும் சொல்வார்களே, அதே செடி. மார்கழியில் தரிசு நிலம் எங்கும் வெள்ளை வெள்ளையாகக் கதிர் விட்டு நிற்கும். நோம்பிக்கு இரண்டு நாள் முன்பிருந்தே கிராமத்துப் பெண்கள் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கடைவீதி ஓரத்திலும் உழவர் சந்தை வாசலிலும் குவித்து விற்பார்கள். மூன்றும் சேர்ந்த கட்டாகவே கிடைக்கும். போகியன்று மதியத்துக்கு மேல் போனால் காம்புதான் மிஞ்சும் என்பதால் காலையிலேயே வாங்கித் தண்ணீர் தெளித்து நிழலில் வையுங்கள்.

எத்தனை கொத்து வாங்குவது? வீட்டு வாசலுக்கு ஒன்று, பின்வாசல் இருந்தால் ஒன்று, வண்டிக்கு ஒன்று. தறி வைத்திருப்பவர்கள் தறிக்கும் ஒன்று செருகுவார்கள். தோட்டம் உள்ளவர்கள் மாட்டுக் கொட்டகை, கிணற்று மேடு, பயிர் நிற்கும் வயலின் மூலை என்று பத்துப் பதினைந்து இடத்தில் கட்டுவார்கள். ஏன் கட்டுகிறோம் என்று கேட்டால் ஒருவர் காத்து கருப்பு அண்டாது என்பார், இன்னொருவர் பூச்சி வராது என்பார், மூன்றாமவர் வைத்தியத்துக்கு ஆகும் செடிகள் வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும் என்றுதான் பெரியவர்கள் அப்படி வைத்தார்கள் என்பார். எனக்கு மூன்றாவது பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். கட்டிய காப்பை எடுக்க வேண்டியதில்லை. காய்ந்து தானாக உதிரும் வரை இருக்கட்டும்.

பழைய சாமானை எரிப்பது இங்கேயும் சில தெருக்களில் உண்டு. டயரும் பிளாஸ்டிக்கும் வேண்டாம். பனி இறங்கும் மாதத்தில் மலைகளுக்கு நடுவில் கிண்ணம் போலக் கிடக்கிற ஊர் இது, புகை லேசில் கலையாது.

வாங்கி வைக்க வேண்டியவை

வெல்லத்தில்தான் கவனம் வேண்டும். ஓமலூர், காமலாபுரம், காடையாம்பட்டி பக்கம் கரும்பாலைகள் நிறைய. அங்கே காய்ச்சுகிற வெல்லம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு ஏலத்துக்கு வரும். தை நெருங்கும்போது அந்தப் பக்கம் போனால் வாசனையே வழி காட்டும். ஆனால் மஞ்சள் மஞ்சளாகப் பளபளக்கிற வெல்லத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். நிறம் வெளுக்க ஹைட்ரோஸ் என்கிற ரசாயனத்தைச் சேர்ப்பதும், எடைக்குச் சர்க்கரையைக் கலப்பதும் நடக்கிறது. உணவுப் பாதுகாப்புத் துறையினர் மூட்டை மூட்டையாகப் பிடிப்பது வருடா வருடம் செய்தியில் வரும். கொஞ்சம் கறுத்த, கையில் பிசுக்கென்று ஒட்டுகிற உருண்டை வெல்லமாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கியதில் ஒரு துண்டை அன்றைக்கே வெதுவெதுப்பான பாலில் போட்டுப் பாருங்கள். பால் திரிந்தால் அந்த வெல்லம் பொங்கலுக்கு ஆகாது. நோம்பி அன்று பானையில் திரிவதைவிட முந்தின நாள் டம்ளரில் திரிவது மேல்.

கரும்பு என்றால் கறுப்புத் தோல் செங்கரும்பு. எடப்பாடி, பூலாம்பட்டி பக்கம் காவிரிப் பாசனத்தில் விளைவது லாரி லாரியாக இறங்கும். ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். கணு நெருக்கமாக இருந்தால் கடிக்கக் கஷ்டம், கணு தள்ளித் தள்ளி, தோகை வாடாமல், அடிப்பக்கம் ஓட்டை விழாமல் இருப்பதாகப் பாருங்கள். இனிப்பு அடிக்கரும்பில்தான். கடைக்காரர் வண்டியில் கட்ட வசதியாக வெட்டித் தரட்டுமா என்று கேட்பார். வெட்டச் சொன்னால் அடுப்புக்கு இரு பக்கமும் நிறுத்த முடியாது, யோசித்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் கொத்து, இஞ்சிக் கொத்து இலையோடு வேண்டும். பூவுக்குப் பழைய பேருந்து நிலையம் பக்கத்தில் வ.உ.சி. பூ மார்க்கெட். மார்கழிப் பனியில் மல்லிகை அரும்பு வைப்பது குறைந்துவிடும், அதனால் நோம்பி சமயத்தில் குண்டுமல்லி, சன்னமல்லி விலை கேட்டால் தலை சுற்றும். சாமந்தி போதும். சாமி ஒன்றும் சொல்லாது.

புதுத்துணி உங்கள் இஷ்டம். சேலைக்குப் பக்கத்து ஊரான இளம்பிள்ளை, வேட்டிக்கு இந்த ஊர் வெண்பட்டு. புவிசார் குறியீடு வாங்கிய வேட்டி அது, விலையும் அதற்கேற்ற மாதிரி இருக்கும்.

கல்யாணமாகி முதல் வருடம் என்றால் தலைப்பொங்கல் சீர் என்று பெண் வீட்டிலிருந்து பானை, அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, துணி எல்லாம் வரும். அந்தப் பானையில்தான் முதல் பொங்கல் வைக்க வேண்டும் என்று மாமியார் எதிர்பார்க்கலாம். நீங்களாக ஒரு பானை வாங்கி நிற்காமல் முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பானையைப் பழக்குவது

நான் சறுக்கிய இடம் இதுதான். மண்பானை வாங்கும்போது விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். தொப்பென்று கேட்டால் எங்கோ கீறல் இருக்கிறது அல்லது சரியாக வேகவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு அண்டாவில் தண்ணீர் ஊற்றிப் பானையை முழுதாக மூழ்கவிட்டு ஒரு ராத்திரி, முடிந்தால் ஒரு நாள் பூராவும் ஊறவிடுங்கள். முதலில் குமிழ் குமிழாகக் காற்று வரும். அடுத்த நாள் அரிசி கழுவிய தண்ணீரை முக்கால் பானை ஊற்றி, மிக மெல்லிய தீயில் அரைமணி நேரம் காயவிட்டு, அடுப்பிலேயே ஆறவிட வேண்டும். கஞ்சித் தண்ணீர் மண்ணின் நுண்ணிய துளைகளை அடைத்துக்கொள்ளும். இரண்டு நாள் இப்படிச் செய்தால் பானை தீக்குப் பழகிவிடும்.

நான் என்ன செய்தேன்? போகி மாலை வாங்கினேன், காலையில் கழுவினேன், நேரே எரிகிற அடுப்பில் வைத்தேன். பத்தாவது நிமிடம் அடியிலிருந்து மேலே ஒரு கோடு ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால் கோட்டின் வழியாகக் கசிந்து தீயில் சுரீர் சுரீர் என்றது. பக்கத்து வீட்டு ஆயா எட்டிப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, பானைய ஊறப் போடலயா?"

"இல்லைங்க ஆயா, கழுவினேன்."

"கழுவுனா என்னத்துக்காகும்? சட்டியும் புதுப் பொண்ணும் ஒண்ணு. வந்தன்னைக்கே சூடு காட்டுனா விரிஞ்சுக்கும்."

சொல்லிவிட்டு அவர் வீட்டிலிருந்து ஒரு பித்தளைப் பானையைக் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைய பொங்கல் அதில்தான் பொங்கியது. அந்தப் பானையைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறும் பானையாகக் கொடுக்கக் கூடாது என்பதையும் அப்புறம் இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒரு பிடி அரிசியோ வெல்லமோ இரண்டு வாழைப்பழமோ போட்டுத் தர வேண்டும். பொங்கல் போட்டு அனுப்பிய பக்கத்து வீட்டுக் கிண்ணத்துக்கும் இதே கணக்குதான்.

தை முதல் நாள்

தை 1 ஜனவரி 14-இலோ 15-இலோ வரும். நேரம் நாள்காட்டித் தாளில் இருக்கும். சேலத்தில் அந்த வாரம் சூரியன் ஆறு நாற்பது வாக்கில் எழும். விடியும்போதே பொங்க வேண்டும் என்பார்கள் சிலர், நல்ல நேரம் பார்ப்பார்கள் சிலர். தை 1 வியாழக்கிழமையில் வந்தால் காலை 6 மணி முதல் 7.30 வரை எமகண்டம், அதனால் அந்த வருடம் பாதித் தெரு ஏழரைக்கு மேல்தான் அடுப்பு மூட்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்கிறார்களோ அதுதான் நேரம்.

வாசல் தெளித்துக் கோலம் போட்டு, கிழக்குப் பார்த்த மாதிரி மூன்று புதுச் செங்கல்லை வையுங்கள். ஆடுகிறதா என்று வெறும் பானையை வைத்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள். விறகோடு கொஞ்சம் தென்னை ஓலையும் கொட்டாங்குச்சியும் இருந்தால் சட்டென்று பிடிக்கும். பானைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கழுத்தில் மஞ்சள் கொத்தையும் இஞ்சிக் கொத்தையும் கட்டுங்கள். இலை தீயின் பக்கம் தொங்காமல் மேலே தூக்கிக் கட்டுவது நல்லது.

மூன்று லிட்டர் பிடிக்கும் பானைக்கு என் கணக்கு இது: பச்சரிசி கால் கிலோ, வறுத்த பாசிப்பருப்பு 60 கிராம், வெல்லம் 350 முதல் 400 கிராம், பால் அரை லிட்டர். அரிசியை இரண்டு தடவை களைந்து, இரண்டாவது தண்ணீரை எடுத்து வையுங்கள். பாலையும் அந்தக் களைந்த தண்ணீரையும் சேர்த்துப் பானையின் கழுத்து வரை ஊற்ற வேண்டும். வெறும் தண்ணீர் கொதிக்கும், பொங்காது. பாலில் உள்ள புரதமும் அரிசித் தண்ணீரில் உள்ள மாவும் சேர்ந்துதான் நுரையை உடையவிடாமல் தூக்கிக்கொண்டு வரும். பானை பாதிதான் நிறைந்திருந்தால் நீங்கள் எவ்வளவு எரித்தாலும் நுரை விளிம்புக்கு வராது. புதிதாக வைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

முதல் கால் மணி நேரம் சின்னத் தீ. பானை நன்றாகச் சூடேறியதும் தீயைக் கூட்டுங்கள். ஓரத்தில் சின்னச் சின்ன முத்து கட்டி, நடுவில் ஆடை மெல்ல உப்பி வரும். அப்போது வீட்டில் எல்லோரையும் கூப்பிடுங்கள், போனில் இருப்பவர்களையும். நுரை விளிம்பைத் தாண்டி வழிந்ததும் "பொங்கலோ பொங்கல்" என்று சத்தம் போட்டு, தட்டோ சங்கோ இருப்பதை அடிக்கலாம், ஊதலாம். எந்தப் பக்கம் வழிந்தது என்று ஆயாக்கள் பார்ப்பார்கள். கிழக்கே வழிந்தால் நல்லது. வேறு பக்கம் வழிந்தால் அதற்கும் ஒரு நல்ல பலன் கைவசம் வைத்திருப்பார்கள்.

பொங்கியதும் ஒரு கரண்டியால் பாதித் தண்ணீரை முகந்து தனியே வைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு கை அரிசி போடுங்கள். குழந்தை கையையும் தொட்டுப் போட வையுங்கள். பிறகு மீதி அரிசி, பருப்பு. வேக வேக, எடுத்து வைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஊற்றலாம். அரிசி கையில் மசிகிற பதம் வந்த பிறகுதான் வெல்லம். முன்பே போட்டால் அதற்கு மேல் அரிசி வேகாது, பால் திரியவும் வாய்ப்புண்டு. வெல்லத்தைத் தனியாகக் கரைத்து வடிகட்டி ஊற்றினால் மண் பல்லில் கடிபடாது. கடைசியில் நெய், முந்திரி, திராட்சை, ஏலக்காய். பச்சைக் கற்பூரம் கடுகளவு போதும், கூடினால் கசக்கும்.

இறக்கும்போது பானையை ஈரத் தரையில் வைக்காதீர்கள், அப்போதும் விரியும். பிரிமணை இல்லையென்றால் மடித்த சாக்கு ஆகும். நுனி இலை போட்டு, சர்க்கரைப் பொங்கலும் உப்பில்லாத வெண்பொங்கலும் வைத்து, அரசாணிக்காய், அவரை, மொச்சை போட்ட குழம்பு வைப்பார்கள். அரசாணி என்பது மஞ்சள் பூசணிதான், கடையில் பூசணி என்று கேட்டால் வெள்ளையைத் தருவார்கள். கிழங்கு வகையில் சர்க்கரைவள்ளி, சேனை உண்டு. எங்கள் தெருவில் ஆத்தூர் பக்கத்துக் குடும்பம் ஒன்று குச்சிக்கிழங்கும் அவித்து வைக்கிறது. மரவள்ளியைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள், ஜவ்வரிசி ஊராயிற்றே. சூரியனுக்குக் காட்டிவிட்டுக் காக்காய்க்கு ஒரு உருண்டை, அப்புறம் நாம்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் கேஸ் அடுப்பிலேயே வைக்கலாம். மண்பானைக்கு அடியில் ஒரு தகடு வைத்துச் சின்னத் தீயில் தொடங்குங்கள், வெயில் வருகிற ஜன்னல் ஓரம் படையுங்கள். மொட்டை மாடியில் விறகடுப்பு மூட்டுவதானால் கீழ்வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை, அடியில் மணல்.

மாட்டுப் பொங்கல்

யாராவது காட்டுக்குக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன். சாயங்காலம்தான் விசேஷம், ஆனால் மத்தியானமே போய்விடுங்கள். மாட்டைக் கழுவி, கொம்பு சீவிச் சாயம் பூசி, புதுக் கயிறும் சலங்கையும் மாட்டுவதைப் பார்க்கலாம், கூடமாட ஒத்தாசையும் செய்யலாம். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுபோங்கள். மாட்டின் பின்பக்கம் நிற்க வேண்டாம்.

பட்டியில் பொங்கல் வைத்து, சாணத்தால் கரை கட்டிச் சின்னத் தெப்பக்குளம் போலச் செய்து, சாணப் பிள்ளையாருக்கு அருகம்புல் செருகுவார்கள். பூசை முடிந்து மாட்டை அந்தத் தெப்பக்குளத்தை மிதித்துத் தாண்டிப் போகவிடுவார்கள். "பட்டி பெருக, பால் பானை பொங்க" என்று ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் தட்டை அடித்துக்கொண்டு சுற்றி வருவார்கள். வெட்கப்படாமல் நீங்களும் சுற்றுங்கள். மாட்டுக்குப் பொங்கல் ஊட்டச் சொன்னால் ஒரு கவளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் எல்லோரும் பாசத்தில் உருண்டை உருண்டையாகச் சோறு கொடுத்தால் வயிற்றில் அமிலம் கூடி மாடு உப்பிப் படுத்துவிடும். கால்நடை மருத்துவர்கள் ஒவ்வொரு தையிலும் தலையில் அடித்துக்கொண்டு சொல்வது இதைத்தான்.

சுற்று வட்டாரத்தில் எருதாட்டமும், ஆத்தூர் பக்கம் கூலமேட்டில் ஜல்லிக்கட்டும் உண்டு. தடுப்புக்கு வெளியே நின்று பாருங்கள். வாழப்பாடி பக்கம் வங்காநரியைப் பிடித்து வந்து ஓடவிடும் பழக்கம் ஒன்று இருந்தது. நரி முகத்தில் விழித்தால் நல்லது என்று அதற்கொரு நம்பிக்கை. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். "ரகசியமா நடக்குது, வாங்க" என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்.

கரிநாளும் மலையும்

மூன்றாம் நாளைக் காணும் பொங்கல் என்பதைவிடக் கரிநாள் என்பதே இங்கே காதில் விழும். புதுக் காரியம் எதுவும் தொடங்க மாட்டார்கள். கறிக் குழம்பு கொதிக்கும், ஊர் சுற்றுவார்கள். எடப்பாடி, சங்ககிரி பக்கத்துக் கிராமங்களில் பெண்பிள்ளைகள் ஆவாரம்பூ பறிக்கப் போய்க் கும்மியடிக்கிற பூப்பறிக்கிற நோம்பியும் உண்டு. மற்றபடி மேட்டூர் அணைப் பூங்கா, பூலாம்பட்டிப் படகுத்துறை, குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா எல்லா இடமும் நிரம்பி வழியும். ஏற்காட்டுக்குப் போவதானால் ஏழு மணிக்குள் அடிவாரத்தைத் தாண்டிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் இருபது கொண்டை ஊசி வளைவிலும் முன்னால் போகும் காரின் புகையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒரு வருடம் மலையில் நண்பர் வீட்டில் பொங்கல் வைத்தோம். காப்பிப் பழம் எடுக்கிற பருவம், களமெல்லாம் சிவப்பாக விரித்துக் கிடந்தது. பனியில் விறகு நமுத்துப் போயிருந்ததால் அடுப்புப் பற்றவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஏற்காடு கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம், தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பால் சீக்கிரம் பொங்கியது, எல்லோரும் சந்தோஷமாகச் சத்தம் போட்டோம், பருப்புதான் வேகவே இல்லை. அங்கே வைப்பதானால் பருப்பை முந்தின இரவே ஊறப்போட்டு, விறகை வீட்டுக்குள் அடுப்போரம் காயவைத்துவிடுங்கள்.

வீடு திரும்பியதும் பானையில் ஒட்டியிருப்பதைச் சோப்பு போட்டுத் தேய்க்காதீர்கள், மண் சோப்பைக் குடித்துவிடும். வெந்நீர் ஊற்றி ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். அடுத்த வருடம் புதுப்பானைதான் வாங்குவீர்கள் என்றாலும், சித்திரை வெயிலில் தயிர் உறை ஊற்ற இந்தப் பானையைவிட நல்ல பாத்திரம் கிடைக்காது.